பாஸ் கொடுத்துவிட்டு நின்றவன்

போன ஞாயிறு காலை, என் மனைவி இன்னொருவரோடு வாயைத் திறக்காமலேயே பேசிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தேன். பொது இடம். பட்டப்பகல். இரண்டு பேருடைய ஹேண்ட்பேக்கையும் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து பெஞ்சில் நான்.

பதறாதீர்கள். அந்த இன்னொருவர் எதிர்வீட்டு மேரி.

ராயபுரத்தில், எங்கள் தெருவிலிருந்து வண்டியில் போகிற தூரத்தில் ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் இருக்கிறது. வளையத்தின் வலை கிழிந்து தொங்கியபோது, மேரியின் வீட்டுக்காரர் மீன்வலையில் ஒரு துண்டை வெட்டிக் கட்டிவிட்டார். ஞாயிறு காலையில் சுற்றுவட்டாரப் பெண்கள் ஐந்துக்கு ஐந்தாகப் பிரிந்து அங்கே ஆடுகிறார்கள். என் மனைவி சாந்தி பள்ளிக்கூடத்தில் ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. "நீயும் போய் ஆடேன்" என்று அனுப்பிவைத்த பெருந்தன்மையாளன் நான்தான். இப்போது அனுபவிக்கிறேன்.

அவர்கள் செய்வது பெரிய வித்தையெல்லாம் இல்லை. சாந்தி பந்தை மேரியிடம் கொடுப்பாள். கொடுத்த கையோடு வளையத்தை நோக்கி ஓடுவாள். அவளைத் தடுக்க நிற்பவர் பந்து போன திசையைத் திரும்பிப் பார்ப்பார் – அந்த ஒரு நொடிதான் – மேரி பந்தைத் திருப்பிப் போட்டுவிடுவார். வளையத்துக்கு அடியில் சாந்தி, தன்னந்தனியாக. கொடு, ஓடு, வாங்கு. அவ்வளவுதான்.

ஆனால், மேரி சாந்தியைப் பார்ப்பதே இல்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு போடுகிறார். பந்து இவள் கைக்குத்தான் வருகிறது!

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வீட்டில் நான் உப்பு கேட்டால் ஊறுகாய் வரும்... அதுவும் முகத்தைப் பார்த்துக் கேட்டால்.

"இத எங்க கத்துக்கினீங்க?" இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"காசிமேட்டுல" என்றார் மேரி.

விடியற்காலையில் இருவரும் சேர்ந்துதான் காசிமேட்டு மீன் மார்க்கெட்டுக்குப் போவார்கள். நல்ல வஞ்சிரம் கண்ணில் பட்டால், மேரி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வழிவிடாமல் நின்றுகொள்வார். அந்த மறைவில் சாந்தி புகுந்து விலையை முடித்துவிடுவாள். கோர்ட்டில் இதற்கு ஸ்க்ரீன் என்று பெயர் – தடுக்க வருகிறவரின் வழியில் தூண்போல நின்று, நம் ஆளைத் தப்பவிடுவது. இத்தனை வருஷமாக அந்த ஸ்க்ரீனைத்தான் குழம்பில் போட்டு, முள் எடுத்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

பொறாமை எப்போது வருகிறது தெரியுமா? அடுத்தவன் கார் வாங்கும்போது அல்ல. நமக்கு வரவேண்டிய பாஸ் அடுத்த கைக்குப் போகும்போது.

அன்றைக்குப் பார்த்து, சாந்தியின் அணியில் ஒரு பெண்ணுக்கு போன் வந்தது. வீட்டுக்கு விருந்தாளி. கிளம்பிவிட்டார். ஆள் குறைந்தது. யாரும் கூப்பிடுவதற்கு முன்பே நான் எழுந்து பேண்ட்டை மடித்துவிட்டிருந்தேன்.

"அண்ணனுக்கு ஆடத் தெரியுமா?" என்று கேட்டார் ஃபாத்திமா. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். எதிரணியில் சாந்தியைத் தடுப்பது அவர்தான்.

"டிவில பாப்பாரு" என்றாள் என் மனைவி.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சாந்தி பார்க்காமல் ஒரு பாஸ் போடவேண்டும். அதை நான் பிடிக்கவேண்டும். மேரி பார்க்கவேண்டும்.

பந்து என்னிடம் வந்தது. சாந்திக்கு ஒரு பாஸ் கொடுத்தேன். என்ன அழகான பாஸ் தெரியுமா? இரண்டு பேருக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. நின்று ரசித்தேன்.

அதே நொடியில் சாந்தி, என் பக்கம் பார்க்காமலேயே, நான் ஓடியிருக்கவேண்டிய இடத்துக்குப் பந்தைத் திருப்பிப் போட்டாள். நான் கேட்ட அதே பாஸ். அந்த இடத்தில் யாரும் இல்லை. பந்து கோர்ட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ஹார்பருக்குப் போக வரிசையில் நின்றிருந்த கன்டெய்னர் லாரிக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

குனிந்து எடுக்கும்போது, டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டார்: "இன்னா சார், யாருக்குப் போட்டாங்க?"

எனக்குத்தான் என்று பந்திடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

"யோவ், குடுத்துட்டு இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற?" என்றாள் சாந்தி.

"நல்லா குடுத்தேன்ல?"

"குடுத்தா ஓடணும்யா."

நாமெல்லாம் அப்படித்தானே? ஒரு நல்ல காரியம் செய்வோம். செய்துவிட்டு அங்கேயே நின்று, அது போகிற அழகைப் பார்த்துக்கொண்டிருப்போம். இவளை ஆட அனுப்பியதும் அப்படித்தான் – அனுப்பிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து நன்றிக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் மேரி. பாஸ் அவருக்குப் போகாமல் பெஞ்சுக்கா வரும்?

அடுத்து மேரி என் தோளைப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்தினார். "அண்ணே, நீங்க ஓடவே வேணாம். இங்க நில்லுங்க. அசையாதீங்க."

காசிமேட்டுக் கூடையாகப் பதவி உயர்வு பெற்றேன். சாந்தி என் தோளை உரசிக்கொண்டு ஓடினாள். பின்னால் துரத்திவந்த ஃபாத்திமா என்மேல் மோதினார். நான் தரையில். பந்து மீன்வலைக்குள். சாந்தி போய்க் கைதட்டிக்கொண்டது... யாரோடு? கேட்காதீர்கள்.

"அடி பட்டுச்சாண்ணே? சொவுரு மாதிரி கீறீங்க" என்றார் ஃபாத்திமா. அன்றைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் எதிரணியிலிருந்து.

ஆட்டம் முடிந்து வண்டியை நோக்கி நடந்தோம். முன்னால் அவர்கள் இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு. பின்னால் பைகளோடு நான். திடீரென்று சாந்தி, பேச்சை நிறுத்தாமல், தலையைத் திருப்பாமல், ஸ்கூட்டர் சாவியைத் தோளுக்குப் பின்னால் வீசினாள்.

சாவி என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

பார்க்கவில்லை. சத்தியமாக அவள் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தேன். சாந்தியின் முதுகைப் பார்த்தேன். மேரி இதைக் கவனித்தாரா என்று பார்த்தேன்...

"வாங்கிகினு இன்னாய்யா நிக்கிற," என்றாள் சாந்தி, அப்போதும் திரும்பாமல். "போய் வண்டிய எடு."

ஓடினேன்.