கணப்படுப்பில் இரண்டு வட்டங்கள்

எங்கள் வீட்டு முன்னறையில், கணப்படுப்பின் அடிக்கல்லில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, குறுக்கே வெட்டிக் கவிழ்த்து வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, முதலில் அவ்வளவாகத்தான் இருந்தன. இப்போது ஒவ்வொன்றும் ஒரு தேநீர்ச் சோசர் அகலம். பின்னேர வெயில் சாய்ந்து விழும்போது சுற்றியுள்ள கல் மெல்ல மினுங்கும். இவை மட்டும் வெளிறிப்போய்க் கிடக்கும். தடவினால் சொரசொரவென்று கையில் உரசும். வந்துபோகிறவர்கள் கவனிப்பதில்லை. எனக்கோ அந்த அறைக்குள் காலை வைத்தால் வேறெதுவும் கண்ணில் படாது. இவற்றை உண்டாக்கியவர் என் மச்சாள், என் கணவரின் மூத்த அக்கா.

ரெய்னர்ஸ் லேனில் இந்த வீட்டைப் பார்க்க மூவருமாகத்தான் போனோம். கணவர் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். மச்சாள் சமையலடுப்பு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று பார்த்தார். நான் இந்தக் கல்லைப் பார்த்தேன். பாலாடை நிறத்தில் சுண்ணாம்புக்கல். உற்றுப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னச் சிப்பிகளின் தடம் தெரியும். புலம்பெயர்ந்து இந்த ஊருக்கு வந்த நாள் முதல் இன்னொருவர் வாங்கிய கட்டிலில் படுத்து, இன்னொருவர் தெரிவு செய்த திரைச்சீலையைப் பார்த்துக் கண்விழித்தவள் நான். இது எனக்கு வேண்டும் என்று வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அந்தக் கல்தான்.

மச்சாள் கல்யாணம் செய்யாதவர். தாய் தகப்பன் போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். ஆகவே தம்பி எந்த வீட்டில் இருந்தாலும் அது அவருடைய வீடும்தான் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமையில் ரயில் மாறி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்வருவார். வந்ததும் வீடு முழுக்க விபூதி மணக்கும். எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். பதில் இல்லாத இடத்தில், "அதுக்கென்ன இப்ப?" என்பார். அதற்குமேல் பேச்சு நகராது.

வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே நான் கல்லைப் பராமரிப்பது எப்படி என்று தேடத் தொடங்கிவிட்டேன். கரியை முதலில் காய்ந்த பிரஷால் தட்டவேண்டும், ஈரம் பட்டால் அது கல்லுக்குள் இறங்கிவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், கல்லுக்கென்றே விற்கும் சோப், மென்மையான துணி. எல்லாவற்றுக்கும் மேலாக, புளிப்பு ஆகாது. வினிகர் ஆகாது, குளியலறை கழுவும் மருந்து ஆகாது. சுண்ணாம்புக்கல்லைப் புளிப்பு தின்றுவிடும். இதையெல்லாம் நான் இரவுச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். கணவர் தலையாட்டினார். மச்சாள் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

வீடு குடிபுகுந்த அன்று தெரிந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். நகரின் மறுகோடி அப்டன் பார்க்கில் இருந்துகூட வந்தார்கள். வந்தவர்கள் சமையலறையைப் பார்க்கவில்லை, தோட்டத்தைப் பார்க்கவில்லை. "என்ன வடிவான பயர்பிளேஸ், அரண்மனை மாதிரியெல்லோ!" என்று ஒவ்வொருவராக அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மச்சாளின் முகம் கறுத்துக்கொண்டே போனது. எல்லோரும் போனபின் நான் சமையலறையில் தேநீர்க் கோப்பைகளும் சோசர்களும் கழுவிக் குவித்துக்கொண்டிருந்தேன். மச்சாள் வந்து என் பக்கத்தில் நின்று ஒரு தேசிக்காயை வெட்டினார், குங்குமம் தடவினார், கொண்டுபோனார். வாசல்படிக்கென்று நினைத்தேன். வாசல்படிக்குத்தானே எல்லோரும் வைப்பார்கள்!

மறுநாள் காலையில் பார்த்தால் கணப்படுப்பின் இரு ஓரத்திலும் வெட்டுப்பக்கம் கீழே கவிழ்ந்தபடி இரண்டு பாதிகள். நான் பாய்ந்து போய் எடுக்க, பின்னாலிருந்து மச்சாளின் குரல் வந்தது. "எடுக்காதை பிள்ளை. கண்டவையெல்லாம் வாய் வைச்சிட்டினம். கண்ணூறு நாவூறு பட்டால் கல்லு வெடிச்சிடும். காவலுக்கு வைச்சிருக்கிறன்."

வெடிக்கவில்லை. தின்னப்பட்டிருந்தது. குங்குமச் சிவப்பைத் துடைத்தால் கீழே கல் மங்கிச் சுரண்டியதுபோல் இருந்தது. நான் என்ன பாடுபட்டு விளக்கியிருந்தேன்! ஊரெல்லாம் வாழ்த்திய அடுத்த நாளே, காவலுக்கு வைத்ததே கல்லைக் கெடுத்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், கதவைத் திறந்ததும் பழப்புளி வாசம். மச்சாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலில் நின்று, புளியும் தேங்காய்ப் பொச்சுமாக அந்த வட்டங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் அதைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டவேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் இருந்தது. "குத்துவிளக்கே மினுங்குது, கல்லு மினுங்காதோ?" என்றார். நான் பார்த்துக்கொண்டு நிற்க, வட்டங்கள் காயக் காய அகலமாகிக்கொண்டு வந்தன.

"இனி என்ர கல்லைத் தொடாதேங்கோ, மச்சாள்" என்றேன். இன்றைக்கு அப்படி நடந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

அவர் புளியைக் கிண்ணத்தில் போட்டார். எழும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது. "உன்ர கல்லோ? சரி. அந்தத் தடம் போகட்டும். அதுக்குப் பிறகு இந்த அறைக்குள்ள வந்து இருக்கிறன்" என்றார்.

சொன்னதைச் செய்தார். மாடிப்படியால் இறங்கி, முன்னறைக் கதவைத் தாண்டி, நேரே சமையலறைக்குப் போவார். தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள் முன்னறையில் இருப்பார்கள். அவர் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்தபடியே தட்டு நிரப்பி அனுப்புவார். "அக்கா எங்கே?" என்று கேட்பவர்களுக்கு என் கணவர் ஏதோ சொல்லிச் சமாளிப்பார். "ஒரு கல்லுக்காக ரெண்டு பேரும் என்னைக் கொல்லுறியள்" என்பார் பிறகு. கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு முறை கையைப் பிடித்தும் இழுத்தேன். "தடம் போயிட்டுதோ?" என்று கேட்பார். போகவில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே அதைப் போக்குவதே என் வேலையாயிற்று. வெள்ளைக் களிமண் பொடியைக் குழைத்துத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, காயவிட்டு உரித்தேன். குங்குமச் சாயம் அதில் ஏறி வந்தது. அன்று மனத்துக்குள் அவரை ஏற்கெனவே முன்னறைச் சோபாவில் இருத்திவிட்டேன். கல் காய்ந்தபின் வட்டங்கள் அப்படியே இருந்தன. மினுக்கும் பொடிகள் வாங்கினேன், கை வலிக்கத் தேய்த்தேன். கடைசியில் கல் வேலை செய்கிற ஒருவரை அழைத்தேன். அவர் ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, இது கறை இல்லை, கல்லே கரைந்துபோயிருக்கிறது, முழுவதையும் அந்த மட்டத்துக்கு அரைத்தால்தான் சமமாகும், இது மெல்லிய கல், அரைத்தால் உடையும் என்றார். மச்சாள் நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"போகாதாம்."

"அதுக்கென்ன இப்ப?" என்றுவிட்டுச் சமையலறைக்குப் போனார். மேலே ஒரு விரிப்பைப் போட்டு மறைக்கலாம் என்றார் கணவர். பார்ப்பதற்கென்று வாங்கிய கல்லை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன மாரிக் குளிரில் மச்சாள் போய்விட்டார். ஒரு வாரக் காய்ச்சல், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். எட்டாம் நாள் செலவுக் கிரியைகளுக்கு வந்தவர்கள் முன்னறையில் இருந்தார்கள். அவருடைய படத்தைக் கணவர் அந்தக் கணப்படுப்பின் மேல்தட்டில் வைத்தார். படமாகத்தான் அந்த அறைக்குள் வந்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் கோபிப்பது?

இந்த வசந்தத்தில் கல் முழுவதையும் சுத்தம் செய்து, சீலர் பூசி முடித்தேன். இப்போது தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நிற்கிறது. ஆனால் மற்ற இடமெல்லாம் துலங்கியதால் அந்த இரண்டு வட்டங்களும் முன்னைவிட எடுப்பாகத் தெரிகின்றன. இவ்வளவு உழைத்துக் கண்ட பலன் அது.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த தம்பதி தேநீருக்கு வந்தார்கள். அந்தப் பெண் கணப்படுப்பின் முன்னால் நின்று வாயாரப் புகழ்ந்தாள். எனக்கு முன்போல் பெருமை வரவில்லை. நாவூறு பட்டுவிடுமே என்றுதான் நினைத்தேன். அவர்கள் போனதும் சமையலறைக்குப் போய் ஒரு தேசிக்காயை வெட்டினேன். குங்குமம் தடவினேன். கல்லின் அருகே குனிந்தபோதுதான் கை நின்றது. திரும்பிப் போய், அவர்கள் குடித்த தேநீரின் சோசர்கள் இரண்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக வைத்து, பாதிகளை அவற்றில் வைத்தேன்.

அளவெடுத்தது போல் இருந்தன. வட்டங்கள் இரண்டும் மறைந்துவிட்டன. வீடு குடிபுகுந்த அன்றைக்கும் சமையலறையில் சோசர்கள் குவிந்துதான் கிடந்தன. பக்கத்தில் நின்றுதானே அவர் தேசிக்காய் வெட்டினார்! என் கையில்தானே சோசர் இருந்தது!

"இப்ப ஒரு தடமும் தெரியேல்லை, மச்சாள். வந்து இருங்கோ" என்று படத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். சமையலறைப் பக்கமிருந்து "அதுக்கென்ன இப்ப?" என்று கேட்க ஒருவரும் இல்லை.