ரேவதி அக்காவின் தோல் உறை

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். என் அப்பாவிடமும் ரேவதி அக்காவின் அண்ணன் சங்கரிடமும் காட்டவே கூடாது. கம்பெனி பஸ்ஸில் அவளோடு போய்வந்த உங்களுக்காக மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நின்றது. பக்கத்து வீட்டு மேரி அக்காதான் என்னிடம் வந்து, "நம்ம டப்பா ரேவதி போய்ட்டாடி" என்றாள். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "சார்ஜ் போட்டு வை, வந்து வாங்கிக்கிறேன்" என்று அவள் கொடுத்த பெட்டி அப்போது என் பள்ளிக்கூடப் பையில் இருந்தது.

உள்ளங்கை அளவு வைஃபை பெட்டி. அதில் இன்டர்நெட் கிடையாது. தமிழில் டைப் அடிக்க, படம் வரைய, கணக்குப் படிக்க உதவும் இலவச மென்பொருள்கள் ஒரு மெமரி கார்டில் இருக்கும். பஸ் ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் யார் வேண்டுமானாலும் போனில் இறக்கிக்கொள்ளலாம். கம்பெனி கேட்டில் பையைச் சோதிப்பார்கள் என்று பயந்து, முதல் நாள் அதை எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் மூடி எடுத்துப் போனாள். ஒரு போனிலும் சிக்னல் வரவில்லை.

"இன்னாடி, உன் வைஃபை சாம்பார்ல முழுகிடுச்சா?" என்று மேரி அக்கா கேட்க, பஸ்ஸே சிரித்ததாம். எவர்சில்வர் சிக்னலை மறிக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. கிலோக்கணக்கில் விற்கும் துண்டுத் தோலை வாங்கி, மறுநாளே ஓர் உறை தைத்துவிட்டாள். கேட்டில் தானே எடுத்துக் காட்டி, செக்யூரிட்டி போனிலும் ஒரு மென்பொருளை இறக்கிக் கொடுத்தாள். டப்பா என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

"முதல்ல டேட்டாவ ஆஃப் பண்ணுங்க. நெட் இல்லன்னு போன் பேஜார் பண்ணும், கண்டுக்காதீங்க." இதை அவள் சொல்லாத நாள் உண்டா?

இது திருட்டு காப்பியா என்று ஒருமுறை கேட்டேன். "எழுதினவங்களே எல்லாருக்கும் குடுன்னு சொல்லிட்டாங்க. வாங்கிட்டு நீயே வச்சுக்கினாதான் தப்பு" என்றாள். மேரி அக்கா இன்று செருப்பு மாடல்களைப் போனிலேயே வரைகிறாள்.

கண்டவர்களோடு பேசத்தான் தங்கை இதை வைத்திருந்தாள் என்கிறார் சங்கர் அண்ணன். காலையில் வந்து வாங்கி உடைக்கப் போகிறாராம். "குடுத்துடு, நமக்கு எதுக்கு வம்பு" என்கிறார் அப்பா. அந்தப் பெட்டியின் சிக்னல் நாலு வீடு தாண்டாது. அது யாரோடு பேசும்?

அதனால், விடிவதற்குள் எல்லாரும் இறக்கிக்கொள்ளட்டும் என்று பெட்டியை ஜன்னலில் வைத்து ஆன் செய்துவிட்டேன். மேரி அக்கா வீட்டில் பஸ் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். எத்தனை போன்கள் இணைந்திருக்கின்றன என்று என் போனில் தெரிகிறது. முதலில் இரண்டு. இப்போது ஏழு. காலையில் உடையப்போவது பெட்டி மட்டும்தான். உறையை நான் தர மாட்டேன். அதன் ஓரத்தில் அவள் போட்ட இரட்டைத் தையல் இருக்கிறது. கிடைத்ததை எனக்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்ற அவள் பேச்சும் என்னிடம்—

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "இன்னாடி, இன்னும் லைட் எரியுது?"

எட்டாவது போன் இப்போதுதான் இணைந்தி—