போன கிழமை இருந்த வேலை

டாண்டினாங் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். மெல்பர்ன் குளிருக்குப் பயந்து மூன்று ஸ்வெட்டர் மாட்டியதில் கையை மடக்க முடியாமல் ஜவுளிக்கடை பொம்மைபோல விறைத்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் தொழிற்சாலைச் சட்டையோடு ஒருவர், மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை மூக்கருகே பிடித்தபடி, "ஒண்டும் தெரியேல்லையே" என்று முனகுகிறார். தமிழ்! விடுவேனா?

"என்னண்ணே, வேலை முடிஞ்சிதா?"

"ஓம், முடிஞ்சுது."

"மூணு மணிக்கேவா? குடுத்து வெச்சவர் நீங்க!"

அவர் சிரிக்கவில்லை. "இண்டையான் வேலை இல்லைத் தம்பி, வேலையே முடிஞ்சுது. ஃபாக்டரியை இண்டைக்குப் பூட்டிட்டாங்கள்."

மூன்று ஸ்வெட்டரையும் தாண்டி எனக்குக் குளிர்கிறது. எங்கள் ஊரில் வெறும் குசலமாகக் கேட்பதை இங்கே வந்து கேட்டுத் தொலைத்திருக்கிறேன்.

"கண்ணாடி கொண்டுவரேல்லை. இதை நிரப்பித் தாறீங்களோ?"

தப்பித்தோம் என்று வாங்கிக்கொள்கிறேன். பிறந்த நாடு, வீட்டில் பேசும் மொழி எல்லாம் மளமளவென்று முடிகின்றன. அடுத்த கேள்வியில் பேனா நிற்கிறது. போன வாரம் உங்களுக்கு வேலை இருந்ததா?

"போன கிழமையோ?" நிமிர்ந்து உட்காருகிறார். "இருந்தது. ஓம் எண்டு போடுங்கோ."

"என்ன தொழில்?"

"கார் சீட் தைச்சனான்." கொஞ்சம் யோசிக்கிறார். "இல்லை, தைக்கிறனான் எண்டே எழுதுங்கோ. அடுத்த கணக்கெடுப்புக்கு அஞ்சு வருசம் கிடக்கு. அதுவரைக்கும் அரசாங்கத்தின்ர கணக்கிலயாவது எனக்கு வேலை இருக்கட்டும்."

என் ரயில் வந்து நிற்கிறது. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் கட்டத்துக்குள் அழுத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.