முன்னாடியே போட்ட கவர்

எங்க அண்ணி வனஜா கடவுள்கிட்ட எதையும் சும்மா வாங்கிக்க மாட்டாங்க. காலையில அஞ்சரைக்கு ஹால்ல பாயைப் போட்டு உக்காந்து, நேத்து கிடைச்சதுக்கெல்லாம் ஒண்ணொண்ணா நன்றி சொல்லியாகணும். "காவேரித் தண்ணி வந்துச்சே, அதுக்கு ஸ்தோத்திரம். யு.கே.ஜி. பொண்ணு பஸ்ல வாந்தி எடுக்காம வீடு சேர்ந்துச்சே, அதுக்கு ஸ்தோத்திரம். பல்லு வலி விட்டுச்சே, அதுக்கு ஸ்தோத்திரம்." இப்படி இருபது, இருபத்தஞ்சு போகும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல உக்காந்திருக்கிற எங்க அண்ணன் ஓஸ்வால்டும் "ஸ்தோத்திரம்"னு சொல்லணும். அண்ணன் லிங்கராஜபுரத்துல எங்க சபை பாடகர் குழுவுல முப்பது வருஷமா பேஸ், அதாவது அடிக்குரல், பாடறவரு. அவர் வாயைத் திறந்தா ஜன்னல் கம்பி அதிரும். மாடி வீட்டு ஸ்ரீகண்டன் சார், "பிரபாம்மா, உங்க அண்ணன் இருக்கிறவரைக்கும் எனக்கு அலாரமே வேணாம்"னு சிரிப்பாரு.

பிரபா நான்தான். வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் ஒன்பது வருஷமா அண்ணன் வீட்டுலதான் இருக்கேன். அவங்க ஹால்ல ஸ்தோத்திரம் சொல்ற நேரத்துல நான் சமையல்கட்டுல பாத்திரத்தை டமடமன்னு போடுவேன். எனக்கு எரிச்சலா வரும், அதை மறைக்க மாட்டேன். தண்ணிக்குத்தான் பில் கட்டறோமே, அதுக்கு எதுக்கு நன்றி? ஒருநாள் கேட்டே விட்டேன். "பில் கட்டியும் வராத நாள் இருக்கே பிரபா"ன்னு சொல்லிட்டு அண்ணி டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

அண்ணி கே.ஜி.எஃப். பொண்ணு. ஒரு தனியார் ஸ்கூல் பஸ்ல ஆயா வேலை. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழை நாள்ல பஸ் வழுக்கிப் போய் தடுப்புச் சுவத்துல இடிச்சு நின்னுச்சு. உள்ள இருபத்திரெண்டு பிள்ளைங்க. ஒண்ணுக்கும் ஒரு கீறல் இல்லை. அன்னைக்கு வீட்டுக்கு வந்த அண்ணிக்கு அழுகைகூட வரலையாம். மறுநாள் காலையில பாயைப் போட்டு உக்காந்து இருபத்திரெண்டு பேர் பேரையும் ஒண்ணொண்ணா சொல்லி ஸ்தோத்திரம் பண்ணியிருக்காங்க. அப்ப பிடிச்ச பழக்கம். அதுல ஒரு சட்டமும் வச்சிருந்தாங்க: கைக்கு வந்ததுக்கு மட்டும்தான் நன்றி. "வராததுக்கு நன்றி சொன்னா அது கேக்கறது. கேக்கறதுக்குத் தனியா ஜெபம் இருக்கு. ரெண்டையும் குழப்பக் கூடாது"ன்னு கறாரா சொல்லுவாங்க.

இந்த வருஷம் மூணு மாசமா அண்ணனுக்கு தொண்டை கட்டினது விடவே இல்லை. சுக்கு, மிளகு, கசாயம்னு எல்லாம் பாத்தாச்சு. கடைசியில டாக்டர் குழாய் விட்டுப் பாத்துட்டு, குரல் நாண்ல ஒரு வளர்ச்சி இருக்குன்னு அதைக் கொஞ்சம் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினாரு. ரிப்போர்ட் வர பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னுட்டாரு. அதனால காலையில அண்ணி நன்றி சொல்லச் சொல்ல, அண்ணன் ஒரு எவர்சில்வர் டம்ளர்ல ஸ்பூனால ரெண்டு தட்டு தட்டுவாரு. அதுதான் அவரோட ஸ்தோத்திரம். சமையல்கட்டுல நின்னு அந்த டக் டக்கைக் கேக்கும்போது பாத்திரத்தைச் சத்தமில்லாம கீழ வைப்பேன். எனக்குன்னு இருக்கிறது அண்ணன் ஒருத்தர்தான்.

சனிக்கிழமை ரிப்போர்ட் வந்தாலும் வரும்னாங்க. நான் போனேன். கவுன்ட்டர் பையன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு, "இன்னூ பந்தில்லா மேடம், சோமவார" அப்படின்னு கன்னடத்துல சொல்லிட்டான். இன்னும் வரலையாம், திங்கட்கிழமையாம். அவன் முகத்தையே பாத்தேன். தெரிஞ்சும் சொல்லாம இருக்கானோன்னு ஒரு சந்தேகம். பஸ்ல வரும்போதும் அவன் முகமேதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. எங்க ஜெபக்குழுவுல ஒரு அம்மா சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. "முன்னாடியே விசுவாசமா நன்றி சொல்லிடு பிரபா, ஆண்டவர் கைவிட மாட்டாரு."

எங்க சபையில ஸ்தோத்திரக் காணிக்கைன்னு ஒரு கவர் உண்டு. வீட்டுல நல்லது நடந்தா, மேல குடும்பப் பேரையும் காரணத்தையும் எழுதி, உள்ள காணிக்கையை வச்சு பெட்டியில போடணும். ஞாயித்துக்கிழமை ஆராதனையில செயலாளர் கிளிஃபர்ட் குடும்பப் பேரை மட்டும் வாசிப்பாரு. காரணத்தை வாசிச்சதே இல்லை. பேரைக் கேட்டு அண்ணி விசாரிச்சா வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்னு, அந்த தைரியத்துலதான் நான் செஞ்சேன். நேரா சபைக்குப் போய் ஒரு கவர் எடுத்து, 'ஓஸ்வால்ட் குடும்பத்தார். ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததற்காக' அப்படின்னு எழுதிப் பெட்டியில போட்டுட்டேன். அண்ணிக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கன்னு தெரியும். வீட்டுக்கு வந்து, "திங்கக்கிழமைதான் அண்ணி"ன்னு மட்டும் சொன்னேன்.

மறுநாள் கிளிஃபர்ட் ஏதோ கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டாரு. புதுசா வந்த ஆயரே கவர்களை எடுத்து வாசிச்சாரு. பேரோட காரணத்தையும் சேத்து. முதல் கவர் வாசிக்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துருச்சு. எழுந்து ஓடிப் போய் பிடுங்கவா முடியும்?

"ஓஸ்வால்ட் குடும்பத்தார், அவருடைய ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறார்கள்."

சபை மொத்தமும் அல்லேலூயா சொல்லிச்சு. அண்ணி வெடுக்குன்னு என் பக்கம் திரும்பினாங்க. நான் நேத்தே ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, சபையில கேட்டு சந்தோஷப்படட்டுமேன்னு ஒளிச்சு வச்சிருக்கேன்னு நினைச்சுட்டாங்க. கண்ணுல தண்ணி கொட்டுது, முகம் சிரிக்குது. தலையை இல்லைன்னு ஆட்டியிருக்கணும். பாவி நான், ஆட்டலை. அதுக்குள்ள அண்ணன் பெஞ்சைப் பிடிச்சு எழுந்து நின்னு, பத்து நாளா மூடி வச்சிருந்த வாயைத் திறந்து, "ஸ்தோத்திரம்"னாரு. கரகரன்னு வந்துச்சு. ஆனா அது அவர் குரல்தான். அண்ணி அவர் கையைப் பிடிச்சு தன் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

வெளியில வந்தா ஆளாளுக்கு கை கொடுக்கறாங்க. வீடு வரைக்கும் எப்படி நடந்தேன்னு தெரியலை. அண்ணி வழியிலேயே மட்டன் வாங்கிட்டாங்க. அவங்க வெங்காயம் வதக்கும்போது பக்கத்துல போய் நின்னு, "அண்ணி, ரிப்போர்ட் வரலை. நான்தான் முன்னாடியே கவர் போட்டுட்டேன்"னு சொன்னேன்.

அண்ணி அடுப்பை அணைச்சாங்க. என்னைப் பாக்காமலே கரண்டியைக் கழுவி வச்சாங்க. அடிச்சிருந்தாக்கூட தேவலை.

"அவர்கிட்ட என்னால சொல்ல முடியாது. நீயே போய்ச் சொல்லு."

சொன்னேன். அண்ணன் ஈஸி சேர்ல உக்காந்து காலாட்டிக்கிட்டு இருந்தாரு. கால் நின்னுபோச்சு. பேசக் கூடாதுன்னு வச்சிருக்கிற நோட்டை எடுத்து, 'ரொம்ப பயந்துட்டியா?' அப்படின்னு எழுதி என்கிட்ட காட்டினாரு. நான் அவர் காலடியிலேயே உக்காந்து அழுதேன். அந்த மட்டனை அன்னைக்கு யாரும் வாயில வைக்கலை.

திங்கக்கிழமை காலையில அண்ணி வழக்கம்போல பாயைப் போட்டாங்க. குரல் தேஞ்சு வந்துச்சு. ஆறு நன்றியோட எழுந்துட்டாங்க. என் பேரை அதுல சொல்லலை. தினமும் சொல்ற பேரு அது.

சாயங்காலம் மூணு பேருமா ரிப்போர்ட்டை வாங்கிட்டு டாக்டர்கிட்ட போனோம். டாக்டர் ரெண்டு தடவை படிச்சாரு. கேன்சர்தான்னாரு. ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம், முப்பது தடவைக்குக் கிட்ட ரேடியேஷன் கரண்ட் வைக்கணும், உயிருக்குப் பெரும்பாலும் பயமில்லைன்னாரு. "குரல் எப்படி வரும்னு இப்ப சொல்ல முடியாது. பேசுவாரு. பாட்டை மட்டும் மறந்துடுங்க"ன்னாரு. அண்ணன் தலையை ஆட்டினாரு. கடைக்காரர் சில்லறை இல்லைன்னா சரின்னு ஆட்டுவோமே, அந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை அஞ்சரைக்கு பாய் போட்ட சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அஞ்சு நிமிஷம் ஆச்சு, பத்து நிமிஷம் ஆச்சு. பதினாலு வருஷத்துல அண்ணி வாயடைச்சு உக்காந்தது அன்னைக்குத்தான். எனக்கு பயம் பிடிச்சுக்கிச்சு. ரிப்போர்ட்டைக் கேட்டப்பகூட அப்படி பயப்படலை. இந்த மனுஷி நன்றி சொல்றதை நிறுத்திட்டா இந்த வீடு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? அடுப்பைக் குறைச்சு வச்சுட்டு ஹாலுக்குப் போய் பாயோட ஓரத்துல உக்காந்தேன். ஒன்பது வருஷத்துல முதல் தடவை.

என்ன சொல்றதுன்னு தெரியலை. "ஆரம்பத்துலயே தெரிஞ்சுதே, அதுக்கு ஸ்தோத்திரம்"னேன். என் காதுக்கே பொய் மாதிரி இருந்துச்சு. அண்ணன் டம்ளர்ல ரெண்டு தட்டினாரு. அண்ணி அசையலை. "ராத்திரி அண்ணன் கஞ்சி குடிச்சாரே, அதுக்கு ஸ்தோத்திரம்." மறுபடியும் ரெண்டு தட்டு. அதுக்கு மேல எனக்கு எதுவும் வரலை.

அப்பத்தான் அண்ணி பேசினாங்க. கண்ணைத் திறக்கலை.

"ஞாயித்துக்கிழமையோடது ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் ஆண்டவரே. கோவத்துல விட்டுட்டேன். பிரபா பண்ணது தப்புதான். ஆனா அந்தத் தப்பாலதான் இவர் குரலை நான் இன்னொரு தடவை கேட்டேன். அது என் கைக்கு வந்துச்சே, அதுக்கு ஸ்தோத்திரம்."

தட்டு கேக்கும்னு காத்திருந்தேன். கேக்கலை. அண்ணன் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டு இருந்தாரு, ஸ்பூன் பாய்மேல கிடந்துச்சு. நான் அதை எடுத்து டம்ளர்ல ரெண்டு தட்டு தட்டினேன்.