பக்கவாசல் நாற்காலி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே பேருந்தை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொள்கிறது. குப்பத்து மாதா கோயிலுக்குள் ஓடி ஒதுங்குகிறேன். கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, மாலைப் பூசை. சவுக்குத் தழையில் கட்டிய வளையத்தில் நான்கு மெழுகுவத்திகள். ஒன்றை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே நல்ல கூட்டம். கடலைப் பார்த்த பக்கவாசல் ஓரம் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. உட்கார்ந்துவிடுகிறேன்.

பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் பெண் என் கையைத் தொடுகிறாள். "சார், அதுல ஒக்காராதீங்க. வர்றவருக்குப் போட்டுகீது."

ஈரத்தோடு எழுகிறேன். அவள் முந்தானையால் இருக்கையை அழுத்தித் துடைக்கிறாள்.

"இயேசுவுக்கா?"

"அவருக்குத்தான் வருசா வருசம் போடுறது. எங்க வூட்டுக்காரரு ஐப்பசியில கடலுக்குப் போனாரு, இன்னும் திரும்பல. யாரு மொதல்ல வந்தாலும் ஒக்காரட்டும்."

விளக்குகளை அணைத்துவிட்டுப் பக்கவாசலைத் திறக்கிறார்கள். இந்த ஊர் வழக்கமாம். எல்லோரும் கடல் பக்கம் திரும்பி, "ஆண்டவரே, வாரும்" என்கிறார்கள். சாரல் உள்ளே அடிக்கிறது. ஒற்றைச் சுடர் படுத்துப் படுத்து எழுகிறது.

மறுபடி விளக்கு எரியும்போது தரையெல்லாம் தண்ணீர். என் சட்டை, அவள் சேலை, நாற்காலியின் கைப்பிடிகள், முதுகு எல்லாம் சொட்டுகின்றன. இருக்கை மட்டும் காய்ந்து கிடக்கிறது.

அவளும் பார்த்துவிட்டாள். மெதுவாகக் கேட்கிறாள், என்னிடம் அல்ல.

"யாரு வந்துகீறது?"