வீட்டுக்காரம்மா நான்தான்

இது நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். முதலில் சிரித்தவளே அந்த வீட்டை வாங்கியவள்தான். இப்போதும் யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால் முறைப்பாள். ஆனால் அந்த மூன்றாம் மாடி வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். நடந்ததை நடந்தபடி சொல்வாள். ஒரு சொல் கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள்.

வீட்டுக்கு மூத்த பெண் என்பதால் எல்லோருக்கும் அவள் ‘பெரியவள்’. பிழைக்கப் போன இடம் கடல் தாண்டி. உறைந்த மீனும் கோழியும் அடுக்கி வைக்கும் குளிர்க் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற வேலை. வாட்டசாட்டமான ஆண்களே தாக்குப்பிடிக்காமல் ஓடிவிடுகிற அந்த இடத்தில், இவள் வருஷக்கணக்காக மூச்சு வெண்புகையாய்ப் பறக்கப் பறக்க வண்டியை ஓட்டினாள். கல்யாணம் முறிந்தபோது ஒரே ஒரு பெட்டியோடு தெருவில் நின்றவள் அவள். “வெளியே போ” என்று யாரும் சொல்ல முடியாத ஒரு வாசல் தனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அப்படி வாங்கியதுதான் அந்த வீடு. பஸ் டிப்போவுக்கு எதிரே பழைய கட்டடம். இரண்டு அறை, ஒரு ஹால், குறுகலான சமையலறை. செல்போனில் வீடியோ பார்த்தாள், கையெழுத்துப் போடத் தம்பியை அனுப்பினாள், வாங்கிவிட்டாள்.

“நேர்ல ஒரு தடவைகூட பாக்காம வாங்குறியேக்கா?” என்றான் தம்பி.

“என் கல்யாணத்தை எல்லாரும் நேர்ல பாத்துப் பாத்துதானேடா பண்ணி வச்சீங்க? என்ன வாழ்ந்துச்சு?”



அவள் ஊர் திரும்பும்வரை வீட்டை வாடகைக்கு விடுவது என்று ஏற்பாடு. ஆள் பிடிக்க, குழாய் ஒழுகினால் சரிபார்க்க, சாவியை வைத்துக்கொள்ள ஒருவரை அமர்த்தினாள். தன் செல்போனில் அவரைச் ‘சாவிக்காரர்’ என்றே பதிந்து வைத்தாள்.

முதலில் ஒரு பள்ளிக்கூட டீச்சரும் அவள் கணவரும் குடிவந்தார்கள். சாதுவான மனிதர்கள். வந்த சுருக்கிலேயே காலி செய்கிறோம் என்றார்கள். பெரியவள் போன் போட்டாள்.

“ஏன் டீச்சர்? தண்ணி சரியா வரலையா?”

“வீட்ல ஒரு குறையும் இல்லைங்க. உங்கம்மாதான்... சொல்லாம கொள்ளாம வந்து நின்னா எங்களுக்கும் ஒரு மாதிரி இருக்குமில்ல?”

“எங்கம்மாவா? அவங்க மூட்டு வலியில கட்டிலை விட்டே இறங்கறதில்ல. இருக்கறதும் வேற ஊரு.”

“அப்ப அது யாருங்க? வீட்டுக்காரம்மான்னுதானே சொன்னாங்க?”

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் எப்போதும் மத்தியானத்தில்தான் வருவாராம். ஒவ்வொரு அறையாகப் பார்ப்பாராம். குழாயைத் திறந்து மூடுவாராம். விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்ப்பாராம். முதல் நாள், சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்டாராம்.

“சொந்த வீட்ல சமையலறை எங்கன்னு தெரியாதான்னு அப்பவே தோணுச்சுங்க.”

“கிளம்பும்போது என்ன சொல்லிட்டுப் போவாங்க?”



“உள்ள வந்து நிக்கறதைப் பாத்திருக்கோம். வெளிய போறதை... பாத்ததே இல்லைங்க.”

அடுத்து வந்தவர் ஒரு ஜிம் மாஸ்டர். மலை மாதிரி ஆள். ஒரே வாரத்தில், தூக்கிப் பழகும் இரும்புக் குண்டுகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “வாசக் கதவை உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டுதான் குளிக்கப் போனேன். வெளிய வந்தா... ஹால்ல நின்னு ஜன்னலைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருக்காங்க.”

“பேர் கெடறதுக்குள்ள வித்துடுங்கம்மா,” என்றார் சாவிக்காரர். “வாங்கறதுக்கு என்கிட்டயே ஆள் இருக்கு.”

அங்கேதான் பெரியவளுக்குப் பொறி தட்டியது. ஓஹோ, கதை அப்படிப் போகிறதா? தூரத்தில் இருக்கிறவள், தனியாள், பயமுறுத்தினால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவாள் என்று கணக்கா? லீவு போட்டாள். விமானம் ஏறினாள்.

“தனியா போகாதக்கா, நானும் வரேன்,” என்று தம்பி கெஞ்சினான்.

“ஆளோ பேயோ, என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு வீட்டுக்காரம்மான்னு சொல்ற தைரியம் யாருக்குன்னு நானே பாத்துக்கறேன்.”

கோடை உச்சத்தில் போய் இறங்கினாள். தன் வீட்டை அவள் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கதவை ஒரு நிமிஷம் தடவிப் பார்த்தாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். பூட்டை மாற்றினாள். சாவிக்காரரைக் கீழேயே கும்பிட்டு அனுப்பினாள். அலமாரி, பரண், குளியலறை என்று ஓர் இடம் விடாமல் துழாவினாள். எலிகூட இல்லை. கதவை உள்பக்கம் பூட்டி, சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு, ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

மணி இரண்டு பத்து.

எதிர் டிப்போவில் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. மெல்ல மெல்லக் குறையவில்லை. யாரோ கையால் பொத்தினாற்போல் நின்றது.

எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள். பஸ்கள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. ஹாரனில் கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார் ஒரு டிரைவர். சத்தம்தான் இல்லை.

சமையலறையில் குழாய் திறந்தது.

சர்ர்ர்...

மூடியது.

பெரியவள் அசையவில்லை. புதுப் பூட்டு. ஒரே சாவி. அது அவள் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

டொக்... டொக்...

சுவரைத் தட்டும் ஓசை. சமையலறையில் தொடங்கி, முதல் அறைக்குப் போனது. அங்கிருந்து இரண்டாம் அறைக்கு.

நின்றது.

பிறகு ஹால் சுவரில். அவள் முதுகுக்குப் பின்னால்...

டொக்.

“யாரு?”

“வீட்டுக்காரம்மா.”

சாதாரணக் குரல்.

திரும்பினாள்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். கொளுத்துகிற அந்த வெயிலில், கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டு. நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. களைத்த முகம். கண்கள் இவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தன.

“இங்க... காலைல வெயில் வருமா?”

கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓடியிருக்கலாம். ஓடு என்றுதான் உடம்பும் சொன்னது. ஆனால் பயம் ஏறிய அதே வேகத்தில் கோபமும் ஏறியது.

“வீட்டுக்காரி நான்!” குரல் உடைந்தாலும் கத்தினாள். “விரல் மரத்துப்போற குளிர்ல நின்னு உழைச்சு வாங்கினேன். யார் வந்து நின்னாலும் போக மாட்டேன். என் வீடு இது!”

அந்த முகம் மெல்லத் திரும்பியது. முதல்முறையாக அவளைப் பார்த்தது.

“நானும்...”

“நானும்னா?”

“நானும் உழைச்சுதான்...”

அவ்வளவுதான். அந்த அம்மாள் நடந்து இரண்டாம் அறைக்குள் போனார். பெரியவள் பின்னாலேயே ஓடினாள்.

நான்கு சுவர்.

ஜன்னல். கம்பி.

யாரும் இல்லை.

டிப்போவின் இரைச்சல் மொத்தமாகத் திரும்பி வந்து காதில் அறைந்தது.

அன்றைக்கே ஊரை விட்டு ஓடியிருப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓடவில்லை. லீவு முடியும்வரை அந்த வீட்டிலேயே சமைத்தாள், அங்கேயே படுத்தாள், தன் கையாலேயே சுவர்களுக்கு வெள்ளை அடித்தாள். மத்தியானம் ஆனால் குழாய் திறக்கும், மூடும். ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப்போடும். பிரஷ்ஷை மட்டும் கீழே வைக்க மாட்டாள். திரும்பிப் பார்க்காமல் உரக்கச் சொல்வாள்:

“பாத்துக்கங்க. நல்லா பாத்துக்கங்க. ஆனா குடியிருக்கறவங்களை விரட்டாதீங்க. விரட்டினா வேலையை விட்டுட்டு வந்து நானே இங்க உக்காந்துருவேன். அப்புறம் உங்க பாடு.”

திரும்ப விமானம் ஏறும் முன்பு, வீட்டின் பழைய சொந்தக்காரரைப் பற்றி எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கேட்டாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்களுக்கு வித்தது அந்தப் பையன்தானே? வாங்கினது அவங்கம்மா. உங்களை மாதிரிதாம்மா, எங்கயோ தூர தேசத்துல ஆஸ்பத்திரி வேலை. வீட்டைப் பாக்கணும்னு ஒரு வருஷம் கிளம்பினாங்க. பாவம், விமானத்துலயே உயிர் போயிடுச்சு. இந்த வாசப்படியை மிதிச்சதே இல்ல.”

பெரியவள் பதில் சொல்லாமல் படியிறங்கினாள். கீழே வந்ததும் தம்பிக்குப் போன் போட்டு ஒரே வார்த்தை சொன்னாள்: “விக்கல.”

தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் குடிவந்தாள். பெரியவள் எதையும் மறைக்கவில்லை. மத்தியானத்தில் ஒருவர் வருவார், வீட்டைச் சுற்றிப் பார்ப்பார், வேறு ஒன்றும் செய்ய மாட்டார் என்று சொல்லித்தான் விட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். “எரியற வீட்டுக்குள்ளயே போய் வரேன்கா. இது என்ன?”

மாதங்கள் ஓடின. ஒரு புகாரும் இல்லை. கிடங்கில் பெரியவள் பழையபடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

“அக்கா, நீங்க சொன்ன அம்மா வராங்க, பாத்துட்டுப் போறாங்க. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஊருக்கு வரப்போறதா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“யாரு வந்தா?”

“நீங்கதான்கா. நேத்து மத்தியானம். அவங்க பின்னாடியே வந்தீங்க. கூப்பிட்டேன், நீங்க திரும்பவே இல்ல. அவங்க ஜன்னலைக் காட்டக் காட்ட, ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கிட்டு நின்னீங்க...”

நேற்று முழுக்க அவள் கிடங்கை விட்டு நகரவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தாள்.

ஆனால் நேற்று மத்தியானம் வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்த ஜன்னல்தான் அவள் கண்முன் நின்றது.

“அக்கா? லைன்ல இருக்கீங்களா?”

மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டாள்.

“இருக்கேன்,” என்றாள். “ஏன்... என் வீட்டுக்கு நான் வரக்கூடாதா?”