எங்கள் வீட்டு டங்கன்

காரைநகரில் பிறந்து, கொழும்பில் எழுதுவினைஞராக இருந்து, எண்பதுகளின் நடுவில் எங்களையும் கூட்டிக்கொண்டு லண்டன் வந்த எங்கள் அப்பா, அங்கே மிச்சம் என்னும் பகுதியில் ஒரு பாண் பேக்கரியில் மா மூட்டை சுமந்தார். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. பேக்கரியில் மேற்பார்வையாளராக இருந்த ஸ்கொட்லாந்துக்காரர், அப்பாவின் நீண்ட பெயரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டித் தோற்று, தம் அண்ணனின் பெயரை அவருக்கு வைத்துவிட்டார்: டங்கன். கருநிற வீரன் என்று அதற்குப் பொருளாம். அப்பா வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். நிறம் சரி, வீரனைத்தான் காணவில்லை என்றார் அம்மா.

ஆனால் அந்தப் பெயர் கைகொடுத்தது அம்மாவுக்குத்தான். கணவரின் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று நம்பி வளர்ந்தவர் அவர். கவுன்சிலில் கேட்டாலும் டாக்குத்தர் கேட்டாலும் மகளான என்னைத்தான் முன்னே தள்ளுவார். டங்கன் என்று சொல்வதில் அந்தப் பயமில்லை. "டங்கன் ஷிப்டுக்குப் போயிட்டார்" என்று தொலைபேசியில் சொல்வார். நாங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டோமோ என்று உறவினர் சிலர் விசாரித்ததும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை தனியே கோயிலுக்குப் போன அம்மா, அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட ஐயரிடம் "டங்கன், உத்தரட்டாதி" என்றுவிட்டார். ஐயரும் மந்திரத்தில் குறை வைக்கவில்லை. நட்சத்திரம் சரியாக இருப்பதால் முருகன் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்லி, அப்பா விபூதியைப் பூசிக்கொண்டார்.

சென்ற ஆண்டு அப்பா மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தபோது, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கும்படி தாதி சொன்னார். அம்மா டங்கன் என்று கூப்பிட்டார். அசைவில்லை. நான் அப்பா என்று கூப்பிட்டேன். அதற்கும் இல்லை. அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து, அப்பாவின் சொந்தப் பெயரைச் சொன்னார்.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"ஓம், சொல்லும்," என்றார்.

மறுநாள் காலையில் அப்பா எங்களை விட்டுப் போனார். "நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது பிள்ளை" என்று ஓராண்டாக அம்மா அழுகிறார்.

அப்பாவின் இந்த ஓராண்டு நினைவு நாளில், அவரைப் பார்த்துப் பார்த்துக் கவனித்த தாதியருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த கோலியர்ஸ் வுட் தெரு அயலவருக்கும், இறுதிச் சடங்கில் தேவாரம் முடியும்வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மேற்பார்வையாளருக்கும் எங்கள் நன்றி.

அம்மா, எல்லோருக்கும் முன்னால் இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் பெயர் சொன்னதற்கு முதல்நாளே டாக்குத்தர்கள் கைவிரித்துவிட்டார்கள். உங்களிடம் சொல்லாமல் மறைத்தவள் நான்தான். நீங்கள் அப்பாவை அனுப்பவில்லை. போய்க்கொண்டிருந்தவர் நீங்கள் கூப்பிட்டதற்காக ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.